எண்ணப்படாத புள்ளிகள்

கூடைப்பந்து ரசிகர்கள் இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்தால், தேநீர் ஆறுவதற்குள் வாக்குவாதம் வந்துவிடும். ஜோர்டனா, லெப்ரானா? மேஜிக்கா, பேர்டா? அமெரிக்காவில் இரவு நடக்கும் என்பிஏ ஆட்டம் நமக்குக் காலையில் வருகிறது. அதனால் வேலையிடக் கூட்டத்தின் நடுவே மேசைக்கு அடியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களையும் நான் அறிவேன். அவர்கள் தேடுவது பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான். யார் எத்தனை புள்ளி?

அந்த ஓர் எண்ணை வைத்து ஓர் ஆட்டக்காரரை எடைபோட முடியுமா? இந்தக் கேள்விக்கு இன்றைய நட்சத்திரங்களைவிட, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு ஆடிய இருவர் தெளிவாகப் பதில் சொல்கிறார்கள். ஒருவர் வில்ட் சேம்பர்லின், மற்றவர் பில் ரசல். இருவரும் நடுவில் ஆடும் 'சென்டர்'கள். பத்து ஆண்டுகள் ஒருவருக்கு எதிராக ஒருவர் மோதியவர்கள். இவர்களுள் யார் பெரியவர் என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

முதலில் சேம்பர்லின். ஏழடிக்கும் மேல் உயரம். பள்ளி நாள்களில் திடல்தட வீரர். 1962 மார்ச் 2ஆம் தேதி, பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக அவர் ஒருவரே 100 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவம் முழுவதும் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள். இன்னொரு கணக்கு இதைவிட வியப்பானது. ஓர் ஆட்டம் 48 நிமிடம். அவர் சராசரியாகத் திடலில் இருந்த நேரம் 48.5 நிமிடம். கூடுதல் நேரத்துக்குச் சென்ற ஆட்டங்களையும் சேர்த்தால் வரும் கணக்கு இது. ஏறக்குறைய ஒரு நிமிடம்கூட ஓய்வெடுக்கவில்லை என்று பொருள்.

இப்போது ரசல். என்பிஏ-யில் அவர் எடுத்த சராசரி 15.1 புள்ளிகள். கூடையை நோக்கி எறிந்த பந்துகளில் 44 விழுக்காடுதான் உள்ளே விழுந்தது. நடுவில் ஆடுபவருக்கு இது சுமாரான கணக்கு. ஆனால் பாஸ்டன் செல்ட்டிக்ஸ் அணிக்காக அவர் ஆடியது 13 பருவங்கள். வென்ற வெற்றியாளர் பட்டங்கள் 11. அவற்றில் கடைசி இரண்டை, ஆட்டக்காரராகவும் பயிற்றுவிப்பாளராகவும் ஒரே நேரத்தில் இருந்து வென்றார். என்பிஏ-யின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுவிப்பாளரும் அவர்தான்.

சேம்பர்லினுக்குக் கிடைத்த பட்டங்கள் இரண்டு. 11-க்கு 2. வாதம் முடிந்தது என்று பலரும் இங்கேயே எழுந்து போய்விடுகிறார்கள். நான் இன்னும் சற்று உட்காரச் சொல்கிறேன்.

பதிவேட்டில் இல்லாத வேலை

1961-62 பருவ முடிவில் வேடிக்கையான ஒன்று நடந்தது. சேம்பர்லின் 50 புள்ளிக்கு மேல் சராசரி எடுத்த அதே ஆண்டில், மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது ரசலுக்குப் போனது. அக்காலத்தில் அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் சக ஆட்டக்காரர்கள். பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்த அவ்வாண்டின் 'முதல் அணி'யில் நடு ஆட்டக்காரர் சேம்பர்லின். ரசலுக்கு இரண்டாம் அணியில்தான் இடம். வெளியிலிருந்து பார்த்தவர்கள் ஒருவரைச் சொன்னார்கள். திடலுக்குள் நின்று மோதியவர்கள் இன்னொருவரைச் சொன்னார்கள்.

காரணம் எளிது. ரசல் மிக நன்றாகச் செய்த வேலையை எவரும் எண்ணவில்லை. எதிரணி எறியும் பந்தைக் கையால் தடுக்கும் 'பிளாக்'கை என்பிஏ அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1973-74 பருவத்தில்தான். ரசல் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் வாழ்நாளில் எத்தனை பந்துகளைத் தடுத்தார் என்பதற்கு அதிகாரபூர்வப் பதிவே கிடையாது.

தடுத்த விதத்திலும் ஒரு நுட்பம் இருந்தது. பந்தைப் பார்வையாளர் பக்கம் அடித்து விரட்டினால் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் பந்து மீண்டும் எதிரணிக்கே போகும். ரசல் மெல்லத் தட்டித் திடலுக்குள்ளேயே வைப்பார். அதை அவரோ சக வீரரோ பிடித்து அடுத்த நொடி எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். ஒரே செயலில் எதிரணியின் வாய்ப்பு போயிற்று, தன் அணிக்கு வாய்ப்பு வந்தது. மேலும், அவர் எல்லாப் பந்தையும் தடுக்க முயலமாட்டார். எதைத் தடுப்பார் என்று தெரியாததால், அவர் அருகில் வராதபோதும் எதிரணியினர் தயங்கி எறிந்து தவறவிட்டார்கள். பயந்து தவறவிட்ட பந்துக்கு எந்தப் பதிவேட்டில் கட்டம் இருக்கிறது?

1960 நவம்பர் 24ஆம் தேதி ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். கூடையில் விழாமல் தெறித்துவரும் பந்தைப் பிடிப்பதை 'ரீபவுண்ட்' என்பார்கள். அன்று ரசலுக்கு எதிராகவே சேம்பர்லின் 55 ரீபவுண்டுகள் எடுத்தார். அந்தச் சாதனையை இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை. ஆட்டத்தில் வென்றது பாஸ்டன், 132-129.

ஒன்பதே புள்ளிகள்

இனி மறுபக்கம். சேம்பர்லினைத் 'தோற்பவர்' என்று சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து.

இருவரும் பிளேஆஃப் சுற்றுகளில் எட்டு முறை மோதினார்கள். ஏழு முறை ரசலின் அணி வென்றது. ஆனால் அவற்றில் நான்கு மோதல்கள் கடைசி ஏழாவது ஆட்டம் வரை சென்றவை. 1962-ல் 109-107. 1965-ல் 110-109. 1968-ல் 100-96. 1969-ல் 108-106. கூட்டிப் பாருங்கள். நான்கு ஏழாவது ஆட்டங்களிலும் சேர்த்து வித்தியாசம் ஒன்பதே புள்ளிகள். நான்கு பருவங்களின் உழைப்பைப் பிரித்தது அவ்வளவுதான்.

1965 ஆட்டத்தின் கடைசி நொடிகள் இன்னும் சுவையானவை. சேம்பர்லின் கூடையில் போட்டு வித்தியாசத்தை ஒன்றாகக் குறைத்தார். பந்தை உள்ளே அனுப்ப வேண்டியவர் ரசல். அவர் எறிந்த பந்து, கூடையைத் தாங்கிய கம்பியில் பட்டுவிட்டது. பந்து எதிரணிக்குப் போனது. ஐந்து நொடி மீதம். ரசலின் தவற்றால் பாஸ்டன் தோற்றிருக்க வேண்டிய ஆட்டம் அது. ஆனால் எதிரணி உள்ளே அனுப்பிய பந்தை ஜான் ஹேவ்லிசெக் தட்டிப் பறித்தார். ரசலின் பிழையைச் சக வீரர் துடைத்துவிட்டார். பாஸ்டனில் கூசி, சாம் ஜோன்ஸ், ஹேவ்லிசெக் என்று தரமான வீரர்கள் சுற்றியிருந்தார்கள். முதல் பத்து ஆண்டுகள் ரெட் ஆர்பேக் என்ற தேர்ந்த பயிற்றுவிப்பாளர் இருந்தார். 11 பட்டங்களையும் ரசல் தனியாகத் தூக்கிவரவில்லை.

சேம்பர்லின் 50 புள்ளி எடுத்ததும் தன்னலத்தால் மட்டுமல்ல. அன்றைய பயிற்றுவிப்பாளர் ஃபிராங்க் மெக்குவயரின் திட்டமே, பந்தை அவரிடம் கொடுங்கள் என்பதுதான். 1966-67-ல் அலெக்ஸ் ஹானம் வேறொன்றைக் கேட்டார். எறிவதைக் குறை, பகிர்ந்துகொடு என்றார். சேம்பர்லின் கேட்டார். முந்திய பருவம் 33.5 ஆக இருந்த சராசரி 24.1 ஆக இறங்கியது. சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுக்கும் 'அசிஸ்ட்' ஆட்டத்துக்கு 7.8 ஆக உயர்ந்தது. பிலடெல்பியா 68 ஆட்டங்களில் வென்று 13-ல் மட்டுமே தோற்றது. பிளேஆஃபில் பாஸ்டனை 4-1 என்று வீழ்த்தி, அதன் தொடர் எட்டுப் பட்டங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்துப் பட்டத்தையும் வென்றது. 1971-72-ல் லேக்கர்ஸ் அணி தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றபோது அவர் எடுத்தது சராசரி 14.8 புள்ளிகள். ஏறக்குறைய ரசலின் எண்!

குறைகளும் குணங்களும்

சேம்பர்லினின் உண்மையான குறை வேறு. யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறியும் 'ஃப்ரீ த்ரோ'. வாழ்நாள் கணக்கில் பாதிக்குச் சற்று மேல்தான் உள்ளே விழுந்தது. 1961-62-ல் அவர் இரு கைகளாலும் கீழிருந்து மேலாகப் பந்தை வீசும் முறையைப் பின்பற்றினார். அந்தப் பருவத்தில் 61 விழுக்காடு கிடைத்தது. 100 புள்ளி ஆட்டத்தில் 32-ல் 28 விழுந்தது. பிறகு அந்த முறையைக் கைவிட்டார். 1967-68-ல் 38 விழுக்காட்டுக்கு இறங்கினார். அதே முறையில் எறிந்த ரிக் பேரிக்கு ஏறத்தாழ 90 விழுக்காடு கிடைத்ததை உலகமே பார்த்தது. சேம்பர்லின் தன் சுயசரிதையில், தான் செய்தது தவறு என்று தெரியும், ஆனால் அப்படி எறியக் கூச்சமாக இருந்தது என்ற பொருளில் எழுதினார். நான்கு ஏழாவது ஆட்டங்களில் ஒன்பது புள்ளி என்பதை நினைத்தால், அந்தக் கூச்சம் எவ்வளவு விலை பிடித்தது என்பது புரியும்.

ரசலும் குறையற்றவர் அல்லர். அவருடைய ஃப்ரீ த்ரோவும் 56 விழுக்காடுதான். நாக்கும் கூர்மை. 1969 கடைசி ஆட்டத்தில் முழங்கால் காயத்தால் சேம்பர்லின் வெளியேறினார். திரும்ப ஆடத் தயார் என்றபோது பயிற்றுவிப்பாளர் உள்ளே விடவில்லை. ஓய்வு பெற்ற ரசல், அவர் வெளியேறியதைக் குறைசொல்லிப் பொதுவில் பேசினார். நெருங்கிய நண்பர்களாக இருந்த இருவரும் இருபது ஆண்டுக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ரசல் மன்னிப்புக் கேட்டு, நட்பு திரும்பியது.

என்னைக் கேட்டால்? ஒரு பருவத்துக்கு ஒருவர் வேண்டுமென்றால் 1967-ன் சேம்பர்லினைக் கேட்பேன். ஒரே ஓர் ஏழாவது ஆட்டம் என்றால் ரசல்தான். அவர் ஆடிய பத்து ஏழாவது ஆட்டங்களிலும் அவர் அணி வென்றது. 1969-ன் அந்தக் கடைசி ஆட்டத்தில் அவர் எடுத்தது ஆறே புள்ளிகள், 21 ரீபவுண்டுகள். புள்ளியே எடுக்காமலும் ஆட்டத்தை மாற்றத் தெரிந்தவர், தன் கை ஓடாத நாளிலும் அணிக்கு உதவுவார்.

எண்கள் மாறின, சிக்கல் மாறவில்லை

இன்று கணக்குகள் வளர்ந்துவிட்டன. ஒருவர் திடலில் இருக்கும் நேரத்தில் அணி எத்தனை புள்ளி முன்னேறியது, பின்தங்கியது என்று பார்க்கும் 'பிளஸ் மைனஸ்' இருக்கிறது. ஹியூஸ்டனில் ஆடிய ஷேன் பேட்டியர் போன்றவர்களின் அருமை அதில்தான் தெரிந்தது. அவர் எடுக்கும் புள்ளி குறைவு. ஆனால் கோபி பிரையண்ட் போன்றவர்களை, அவர்களுக்குச் சரிவராத இடத்திலிருந்து எறியவைப்பார். அந்தக் கணக்கும் முழுமையானதல்ல. நல்ல சக வீரர்களோடு திடலில் நின்றாலே உங்கள் எண் உயரும். 2016-17-ல் ரஸல் வெஸ்ட்புரூக் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி எடுத்து விருதும் பெற்றார். அவர் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அது அவர் குற்றமா, அணியின் பலவீனமா என்று ஒற்றை எண்ணால் சொல்ல முடியாது.

இது விளையாட்டுப் பக்கத்தோடு நிற்கும் விஷயமன்று. ஆண்டிறுதியில் வேலையிடத்தில் மதிப்பீட்டுப் படிவம் வரும். எத்தனை விற்பனை, எத்தனை வாடிக்கையாளர் என்று கட்டங்கள் இருக்கும். புதிதாக வந்தவருக்கு உட்கார்ந்து வேலை சொல்லிக்கொடுத்தவருக்கும், பெரிதாக வெடிக்கவிருந்த சிக்கலை முதல் நாளே அணைத்தவருக்கும் கட்டம் இருக்காது. பிள்ளைகளின் மதிப்பெண் தாளும் அப்படித்தான். நாம் எதை எண்ணுகிறோமோ அதைத்தான் எல்லாரும் துரத்துவார்கள். மேலாளர்களாக இருக்கும் இளையர்கள், குழுவில் ஒருவரை எடைபோடும் முன் அவருடன் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1962-ல் சக ஆட்டக்காரர்கள் அளித்த வாக்கு அதற்கு நல்ல முன்னுதாரணம்.

அடுத்த முறை பிள்ளைகளோடு ஆட்டம் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு தற்காப்பு வீரரைத் தேர்ந்தெடுத்து, அவர் எங்கே நிற்கிறார், யாரை எங்கே போகவிடாமல் மறிக்கிறார் என்று மட்டும் பாருங்கள். பிறகு புள்ளிப் பட்டியலில் அவர் பெயரைத் தேடுங்கள். நீங்கள் பார்த்ததில் எவ்வளவு அங்கே இருக்கிறது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.