பட்டியலைக் காட்டாமல் பணம் கேட்பதா?

லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளாகும். அதன் மூலத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இப்படிப்பட்ட மென்பொருள்கள் தங்கள் பேடெண்டுகளில் 235-ஐ மீறிவிட்டதாக மைக்ரோசாப்ட் கம்பெனியார் 2007-ம் வருஷம் மே மாதத்தில் கூப்பாடு போட்டார்கள்.

எவை அந்த 235 என்றால் பட்டியல் இல்லை! லினக்ஸின் மூலமோ ஊரறியத் திறந்து கிடக்கிறது. குற்றப் பட்டியலோ பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. “காட்டமாட்டோம், நம்பிக் காணிக்கை வை” என்பது எந்த ஊர் நியாயம்?

பேடெண்டு சட்டப்படியான உரிமையல்லவா என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவந்தான். ஆனால், கண்டுபிடித்ததைப் பகிரங்கமாய் எழுதி வைப்பதற்காகத்தானே சர்க்கார் அவ்வுரிமையைக் கொடுக்கிறது? பகிரங்கமான ஒன்றின் பேரால் இரகசிய மிரட்டலா?

நாவல் கம்பெனி 2006-லேயே உடன்படிக்கை செய்து கொண்டது. 2007 ஜூனில் சாண்ட்ரோஸும் லின்ஸ்பயரும் அவ்வழியே சென்றன. ரெட் ஹாட், உபுண்டு, மாண்ட்ரிவா ஆகியோரோ முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் லினக்ஸ் அழிந்து போய்விட்டதா? 2018-ல் அதே மைக்ரோசாப்ட், 60,000-க்கு மேற்பட்ட பேடெண்டுகளோடு, லினக்ஸைப் பாதுகாக்கும் கூட்டமைப்பிலேயே சேர்ந்தது!

ஆகவே தோழர்களே! மிரட்டுகிறவன் எவ்வளவு பெரியவன் என்று பார்க்காதீர்கள்; ஆதாரம் எங்கே என்று கேளுங்கள்.