எண்ணாத தொற்று குறையாது

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு ஒரு வாரத்தில் தையல் போட்ட இடத்தில் சீழ் கட்டுகிறது. 'அவருக்குச் சர்க்கரை இருக்கிறது', 'வீட்டில் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை' என்று பேச்சு முடிந்துவிடும். கிருமி எங்கே தொற்றியது என்று யாரும் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 நோயாளிகளில் 15 பேருக்கு அங்கேயே ஏதாவதொரு தொற்று வருகிறது. பணக்கார நாடுகளில் இது 7 பேர்.

இதற்கு மருந்து கைகழுவுதல் என்பது 1847-லேயே தெரிந்துவிட்டது. வியன்னா மருத்துவமனையில் மருத்துவர்களும் மாணவர்களும் பார்த்த பிரசவப் பிரிவில், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவைவிடத் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். பிணக்கூறாய்வு செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்தவர்களைக் குளோரின் கரைசலில் கைகழுவ வைத்தார் அங்கிருந்த மருத்துவர் செமல்வைஸ். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு சில மாதங்களில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. நோய்க்குக் கிருமிதான் காரணம் என்று நிறுவப்படாத காலம் அது. இரு பிரிவுகளுக்கும் தனித்தனியாக இறப்புக் கணக்கு வைத்திருந்ததால்தான் அவரால் வேறுபாட்டைப் பார்க்க முடிந்தது.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமமும் கணக்கு வைப்பதன் பயனுக்குச் சாட்சி. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவை சிகிச்சைகளை அலசி 2017-ல் அதன் மருத்துவர்கள் ஆய்வு வெளியிட்டார்கள். அறுவையின் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்தியபோது, கடுமையான உள்விழித் தொற்று பத்தாயிரத்துக்கு 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்தது. இவ்வளவு சிறிய வேறுபாடு, ஒவ்வொரு கண்ணுக்கும் கணக்கு வைத்தவர்களுக்குத்தான் புலப்படும்.

கணக்கு இல்லாத இடத்தில் பழக்கமே ஆட்சி செய்கிறது. அறுவைக்கு முன் ரோமத்தைப் பிளேடால் மழிக்கக் கூடாது, அவசியமானால் கிளிப்பரால் கத்தரிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல். தடுப்பு ஆன்டிபயாடிக்கைக் கத்தி வைப்பதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்; அறுவை முடிந்த பிறகு தடுப்புக்காக அதை நீட்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனாலும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஐந்து நாள் மாத்திரை எழுதும் வழக்கம் போகவில்லை. அதனால் காயத்துக்குப் பலனில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் பெருகுகின்றன.

மருத்துவமனைத் தொற்றைச் செவிலியரின் அலட்சியம் என்று சுருக்குவது அநியாயம். ஒரே ஆள் முப்பது படுக்கைகளைப் பார்க்க வேண்டியிருந்து, கைகழுவும் தொட்டி வார்டின் கடைசியிலும் இருந்தால், ஒவ்வொரு நோயாளிக்கும் கைகழுவச் சொல்வது வெறும் உபதேசம். படுக்கைக்குப் படுக்கை சானிடைசர், போதிய செவிலியர்கள், விதி மீறும் மருத்துவரையும் நிறுத்திக் கேட்கும் அதிகாரம் ஆகியவை நிர்வாகம் தர வேண்டியவை.

கட்டண விவரத்தைப் பலகையில் எழுதும் மருத்துவமனைகள் தொற்று விகிதத்தையும் எழுதட்டும். அரசு மருத்துவமனைகள் இதைத் தொடங்கி வைத்தால், தனியார் மருத்துவமனைகளையும் கட்டாயப்படுத்தும் தார்மிக உரிமை அரசுக்குக் கிடைக்கும்.