நூறடி ரோட்டுக்கு இன்னும் எத்தனை அடி வேண்டும்?

புதுச்சேரியில் தலைவர்கள் பெயரில் சாலைகள் ஏராளம். நேரு வீதி, காந்தி வீதி, காமராஜர் சாலை, அண்ணா சாலை, மறைமலை அடிகள் சாலை. ஒரு சாலையை மட்டும் நாம் அளவுநாடாவின் பெயரால் அழைக்கிறோம்: நூறடி ரோடு. நூறு அடி அகலம் என்பதே ஒரு காலத்தில் வாயைப் பிளக்க வைத்த சங்கதி. இனி இந்தப் பக்கம் நெரிசல் என்ற பேச்சே இருக்காது என்ற நம்பிக்கை அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இன்று காலை ஒன்பது மணிக்கு இந்திரா காந்தி சிலை சிக்னலில் போய் நில்லுங்கள். இரண்டு முறை பச்சை விழுந்து போகும். உங்கள் முறை வராது. பக்கத்து வண்டிக்காரர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சொல்வார்: "ரோடு பத்தல சார்."

இந்த மூன்று சொற்களோடுதான் எனக்குச் சண்டை.

டீக்கடையிலும் இதே பேச்சு, சட்டமன்றத்திலும் இதே பேச்சு. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி வந்து, இந்திரா காந்தி சதுக்கத்துக்கும் ராஜீவ் காந்தி சதுக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீள உயர்மட்டப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 436 கோடி ரூபாய். அந்தச் சிக்னலில் தினமும் வேகிறவர்களில் நானும் ஒருவன். மக்களின் மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. அந்த மகிழ்ச்சிக்கு ஆயுசு எத்தனை வருடம் என்பதைத்தான் யாரும் கேட்கக் காணோம்.

அந்தோணி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதை 1962-லேயே கேட்டார். பெருநகரத்தில் எத்தனை விரைவுச்சாலை போட்டாலும் வேலைக்குப் போகும் நேரத்தில் அது நிரம்பியே தீரும் என்றார். பின்னாளில், எப்படி நிரம்புகிறது என்பதை மூன்று வகையாகப் பிரித்தும் காட்டினார். நம் ஊருக்கு மாற்றிச் சொல்கிறேன். லாஸ்பேட்டையில் ஒருவர் நெரிசலுக்குப் பயந்து ஏழரைக்கே கிளம்பிக்கொண்டிருந்தார். ரோடு அகலமானதும், இன்னொரு காபி குடித்துவிட்டே போகலாம் என்று எட்டே முக்காலுக்குக் கிளம்புகிறார். இன்னொருவர் உள்தெருக்களில் புகுந்து புகுந்து போனவர். இப்போது நேராகப் புது ரோட்டுக்கே வருகிறார். மூன்றாமவர் டெம்போவில் இடுங்கி உட்கார்ந்து போனவர். ரோடுதான் நன்றாகிவிட்டதே என்று தவணையில் ஒரு ஸ்கூட்டர் எடுத்துவிடுகிறார். நாலாவதாக ஒருவரை நான் சேர்த்துக்கொள்கிறேன். "டவுனுக்கு இருபதே நிமிஷம்" என்று பிளாட் போட்டவர் சொன்னதை நம்பி, வில்லியனூருக்கு அப்பால் மனை வாங்குகிறவர் அவர். நால்வரில் யார் மேலும் குற்றமில்லை. நால்வரும் ஒரே சிக்னலில் வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

டவுன்ஸ் சொன்னதை 2011-ல் ழில் துரான்தோன், மாத்யூ டர்னர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் இருபதாண்டுக் கணக்கை வைத்துச் சோதித்தார்கள். நெடுஞ்சாலைத் தடம் எவ்வளவு சதவீதம் கூடுகிறதோ, வண்டிகள் ஓடும் தூரமும் கிட்டத்தட்ட அதே சதவீதம் கூடுகிறது என்று முடிவு வந்தது. அதே ஆய்வு, பொதுப் போக்குவரத்தைக் கூட்டினாலும் வண்டியோட்டம் குறையவில்லை என்றும் சொன்னது. எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டு இதை மறைப்பது நேர்மையாகாது. பஸ் விட்டால் ரோடு காலியாகிவிடும் என்று நானும் சொல்ல வரவில்லை. ஆனால் அதே நெரிசலில், அதே ரோட்டில், பல மடங்கு ஜனங்கள் போய்ச் சேரலாம். ஹூஸ்டன் நகரத்தில் கேட்டி விரைவுச்சாலையை 2008-ல் சில இடங்களில் 26 தடங்கள் வரை அகலப்படுத்தினார்கள். சில ஆண்டுகளிலேயே காலை மாலைப் பயண நேரம் மறுபடியும் கூடிப்போனது. இருபத்தாறு தடம்! நம் பெரிய வாய்க்காலையும் அதன் இரு கரைத் தெருக்களையும் சேர்த்தாலும் அதில் ஒரு மூலைக்கு வராது.

"அது அமெரிக்கா சார். அங்க ரோடு நிறைய, இங்க ரோடே இல்ல" என்பார்கள். சரி, அந்த வாதத்தையே எடுத்துக்கொள்வோம். புதுச்சேரி டவுனின் உள்ளமைப்பு, 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த கட்டம். அதைப் பிரெஞ்சுக்காரர்கள் தொடர்ந்தார்கள். சுற்றிலும் முட்டை வடிவத்தில் புல்வார்டு, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகச் சின்னத் தெருக்கள். செட்டித் தெருவையும் வைசியாள் வீதியையும் யாரும் அகலப்படுத்தப் போவதில்லை. வெளியே பாலம் கட்டி வண்டிகளை வேகமாகக் கொண்டுவந்து எங்கே இறக்குவீர்கள்? அஜந்தா சிக்னலில்தான், நேரு வீதியில்தான். வாயை அகலமாக்கினால் குடம் பெரிதாகிவிடுமா?

இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதற்கு ஒரு காரணம், நாம் எண்ணும் முறை. சாலைப் பொறியாளர்கள் சந்திப்பில் நின்று வண்டிகளை எண்ணும்போது, எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். இந்தியச் சாலைக் காங்கிரசின் 1990-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிப்படி, நகரத்தில் ஒரு இருசக்கர வண்டி அரை முதல் முக்கால் காருக்குச் சமம். ஒரு பஸ் 2.2 முதல் 3.7 காருக்குச் சமம். நடந்து போகிறவர் இந்தப் பட்டியலிலேயே இல்லை. இந்தக் கணக்கில் பஸ் என்பது நாலு கார் அளவு இடத்தை அடைக்கும் ஒரு சனியன். அதற்குள் ஐம்பது பேர் இருப்பது எந்தக் கட்டத்திலும் பதிவாகாது.

அவர்கள் கணக்கையே வைத்துப் பார்ப்போம். ஐம்பது பேர், வண்டிக்கு இரண்டு பேர் என்று தாராளமாக வைத்தால் 25 வண்டி. ஒவ்வொன்றும் முக்கால் கார் என்றால் ஏறத்தாழ 19 கார் இடம். அதே ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் போனால் நாலுக்கும் குறைவு. இது ஒன்றாம் வாய்ப்பாடு. இதைப் போட்டுப் பார்க்காமல்தான் கோடிகளைப் போடுகிறோம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதில் உத்தமமில்லை. வேலைக்கு எதில் போகிறீர்கள், எவ்வளவு தூரம் என்று 2011-ல் கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் கேட்டது வேலைக்குப் போகிறவர்களை மட்டும்; அதிலும் விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத்தொழில் செய்பவர்களை விட்டுவிட்டார்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, பெரிய மார்க்கெட்டுக்குப் போவது, மாமியாரை ஜிப்மருக்கு அழைத்துப் போவது எல்லாம் பயணமே இல்லை என்றாகிவிட்டது. பாதி ஊரின் நடை கணக்கில் வரவில்லை. கணக்கில் வராததற்கு எவன் பணம் ஒதுக்குவான்?

அந்தப் பாதி ஊரில் ஒருவரை நேரு வீதியில் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய அம்மா. இடது கையில் காய்கறிப் பை, முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நடைபாதைக்கு முன்னால் பைக்குகள் தோளோடு தோள் உரச நின்றன. நடைபாதை மேல் கடைக்காரர் ஒரு பொம்மைக்குப் புடவை கட்டி நிறுத்தியிருந்தார். அம்மா ரோட்டில் இறங்கி, வலது கையை வருகிற வண்டிகளை நோக்கி நீட்டிக்கொண்டே நடந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கைதான் அவருக்கு நடைபாதை. ஆள் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும் என்று அதே சாலைக் காங்கிரசின் புத்தகத்தில்தான் இருக்கிறது. அவருடைய மகன் என்ன செய்வான்? "இனிமே நடக்காதம்மா, நான் கொண்டுபோய் விடறேன்" என்பான். ரோட்டில் இன்னொரு வண்டி.

பாலமே வேண்டாம் என்கிறேனா? சென்னையிலிருந்து கடலூருக்குப் போகும் லாரிக்கு நம் சிக்னலில் நிற்க வேண்டிய தலையெழுத்து இல்லை. அது மேலே போகட்டும். ஆனால் லாஸ்பேட்டையிலிருந்து முதலியார்பேட்டைக்குப் போகும் நர்சுக்கு நெரிசல் தீரும் என்று சொல்லி அதை விற்காதீர்கள். ஏசி இல்லாத சாதாரண பஸ் ஒன்று ஒரு கோடி என்று கூட்டியே வைத்தாலும் 436 கோடிக்கு எத்தனை என்று கணக்குப் போட வேண்டியதில்லை. நெடுஞ்சாலைப் பணத்தில் பஸ் வாங்க முடியாது என்று அதிகாரிகள் விளக்குவார்கள். உண்மைதான். பாலத்துக்கென்றால் பணம் டெல்லியிலிருந்து தானாக வரும், பஸ்ஸுக்கென்றால் கஜானா காலி. இந்த ஏற்பாட்டை மாற்றச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டு, வருகிற பாலத்துக்கு மாலை போடுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு, வெளியே சொல்லத்தான் கூச்சம். பஸ்ஸில் போனால் மதிப்புக் குறைவு. பிரெஞ்சுக்காரர் காலத்தில், கவர்னர் மாளிகைக்குள் பல்லக்கில் போகும் உரிமையை அவர்களுடைய துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளைக்குப் பெரிய மரியாதையாகக் கொடுத்திருந்தார்கள். பல்லக்கு ஒருவரிடம் இருக்கும்வரை மரியாதை. ஊருக்கே பல்லக்கு என்றால் தூக்குவதற்கும் போவதற்கும் இடமிருக்காது.

ரோட்டைக் குறைத்தால் ஊர் நின்றுவிடும் என்று பயப்படுகிறவர்கள் மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். தடுப்பை வைத்து வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். குழந்தைகள் நடு ரோட்டில் ஓடுகிறார்கள், பெரியவர்கள் காந்தி சிலைப் பக்கம் காற்று வாங்குகிறார்கள். ஊர் நின்றா போயிற்று? ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூடுகிறது. அன்றைக்குத்தான் அங்கே வியாபாரமே. சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். சியோல் நகரத்தில் ஓடையை மூடி மேலே கட்டியிருந்த உயர்மட்டச் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கி, 2005-ல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். நடுவில் 2004-ல் பஸ் வழித்தடங்களை அடியோடு மாற்றி அமைத்தார்கள். சியோல் ஸ்தம்பிக்கவில்லை.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவர் பாலத்தைப் பற்றி ஆரம்பித்தால், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அண்ணே, காலையில எட்டரை மணிக்கு எங்க தெருமுனைக்கு எந்த பஸ் வரும்?" பஸ் நம்பரும் நேரமும் சொல்லும்வரை அவரை எழுந்திருக்க விடாதீர்கள்.