குழாய் விட்டுவிட்டால் போதுமா?

வேலூர் சத்துவாச்சாரியில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் சிலர் சமையலறையை ஒட்டி ஒரு விறகடுப்பு மேடையும் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு, காலையில் அண்டா வெந்நீருக்கு, சிலிண்டர் தீர்ந்துபோன நாளுக்கு. அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆம்பூர் வரைக்கும் இந்தப் பக்கத்து மக்களுக்கு விறகுத் தணலில் தம் போட்ட சோற்றின் ருசி தெரியும். ஆனால் அந்த ஆசையோடு ஒரு பேச்சும் சேர்ந்து வருகிறது: "மேலே ஒரு குழாய் விட்டாச்சுன்னா புகை போயிடும், அப்புறம் என்ன பயம்?" மேஸ்திரியும் இதைச் சொல்கிறார், வீட்டுக்காரரும் சொல்கிறார், அடுப்பு விற்கிறவரும் சொல்கிறார். இதை நம்பி வீட்டுக்குள் நெருப்பு வைப்பது ஆபத்து. இந்தப் பேச்சுக்கு முட்டுக் கொடுக்கும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

"எங்க பாட்டி தொண்ணூறு வயசு வரைக்கும் விறகுலதான் பொங்கினாங்க" என்பது முதல் காரணம். பாட்டி பொங்கிய வீடு எப்படி இருந்தது? மேலே நாட்டு ஓடு, சுவருக்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும் சந்து, பாதி நாள் அடுப்பே தோட்டத்தில். இன்றைக்கு ஹவுசிங் போர்டு மனையில் நிற்கும் வீட்டுக்கு மேலே கான்கிரீட் தளம், ஜன்னலில் கொசுவலை, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். அந்த நெருப்பை இந்த அறைக்குள் கொண்டுவந்தால் அது பாட்டியின் அடுப்பாக இருக்காது. அந்தத் தலைமுறையில் எல்லாருமா தொண்ணூறைத் தொட்டார்கள்? ஊதாங்குழலோடு இருமி இருமியே போய்ச் சேர்ந்த பெண்களை நாம் கணக்கில் எடுப்பதில்லை. விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றால் வீட்டுக்குள் சேரும் புகையால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் அகாலமாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் கூடக்கூடப் பிறக்கும் குழந்தையின் எடை குறைந்ததை அது காட்டியது.

அடுத்தது குழாய். இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

குழாய் தானாகப் புகையை இழுக்காது. உள்ளே இருக்கும் காற்று சூடாகி, வெளிக்காற்றைவிட லேசாகி மேலே ஏறும்போதுதான் இழுப்பு உண்டாகிறது. குழாய் எவ்வளவு உயரமோ, எவ்வளவு நேராக இருக்கிறதோ, உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பம் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு இழுப்பு. நம் ஊர் சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி, வீட்டுக்குள் அதைவிடக் குறைவு என்றிருக்கும் மத்தியானத்தில், பற்றவைத்த முதல் சில நிமிடங்களுக்குக் குழாய் எதிர்த்திசையில்கூட ஓடும். மேலே போக வேண்டிய புகை அறைக்குள் இறங்கும். பக்கத்துச் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் நெருப்பு நன்றாக எரியும்போதும் இதே கதைதான். வீட்டிலிருந்து ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். திறந்திருக்கும் வழி புகைக்குழாய்தான். அதனால் அடுப்பு வைக்கும் அறையின் சுவரில், தரையை ஒட்டி, குழாயின் வாயளவுக்காவது ஒரு திறப்பு வேண்டும். எலிக்குப் பயந்து வலை அடித்தால் திறப்பை இன்னும் பெரிதாக விட வேண்டும்.

இந்தப் பக்கம் கட்டியிருக்கும் அடுப்புகளில் நான் பார்த்த ஒரு அமைப்பைச் சொல்கிறேன். அடுப்புக்கு மேலே 4 அங்குல ஏசி (ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்) பைப். தளத்தில் துளை போட மனமில்லாமல் குழாயைச் சுவர் வழியாக வெளியே திருப்பி, அங்கே ஒரு எல்போ போட்டு, கைப்பிடிச்சுவருக்குக் கீழேயே முடித்திருந்தார்கள். எல்போவின் இணைப்பிலிருந்து கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு திரவம் வழிந்து, வெள்ளைச் சுவரில் பழுப்புக் கோடு இழுத்திருந்தது. சுரண்டிப் பார்த்தால் தார் வாடை. அது வெறும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறார்கள். பாதி எரிந்த புகை குளிர்ந்த குழாயில் படிந்து உண்டாகும் கரிப்பிசின் அது, தீப்பற்றக்கூடியது. ஒரு நாள் நெருப்பு பெரிதாக எரியும்போது இந்தப் படிவு குழாய்க்குள்ளேயே பற்றிக்கொண்டால் ஏசி பைப் வெடித்து விரிசல் விடும். அந்தப் பைப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது தனிக் கேடு. பிவிசி பைப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது உருகிவிடும். ஜிஐ குழாயில் சூடு ஏறினால் துத்தநாகப் பூச்சு உரியும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்தான் சரி. செலவு கூடும். அந்தச் செலவு முடியாதென்றால் அடுப்பை வீட்டுக்குள் வைக்கக் கூடாது.

குழாய் எங்கே முடிய வேண்டும் என்பதற்கு அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதி ஒன்று இருக்கிறது. நம் வீட்டுக்கும் அது பொருந்தும். தளத்தை விட்டு வெளியேறும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம் வேண்டும். 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரமாகவும் இருக்க வேண்டும். நம் மொட்டைமாடியில் அந்த 10 அடிக்குள் வாட்டர் டேங்க் இருக்கும், படிக்கட்டு அறை இருக்கும். அவற்றின் மறைவில் குழாய் முடிந்தால் காற்று சுழன்று புகையைக் கீழே அழுத்தும். இரும்பு அடுப்பாக இருந்தால், எரியக்கூடிய எதுவும் 36 அங்குலத்துக்குள் இருக்கக் கூடாது என்கிறது அதே விதித்தொகுப்பு. மர அலமாரி, பிளைவுட் கதவு, ஃபால்ஸ் சீலிங், திரைச்சீலை எல்லாம் இதில் அடக்கம். நாலரை அங்குலப் பொதுச்சுவரில் அடுப்பைச் சாய்த்துக் கட்டினால், அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் பீரோ வைத்திருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றை யாரும் சொல்வதேயில்லை. கேஸ் சிலிண்டர் இருக்கும் அறையில் விறகடுப்பு வைக்கவே கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். விறகடுப்பின் நெருப்பும் தாழ்வாகத்தான் இருக்கிறது.

"அரசாங்கமே புகையில்லா அடுப்பு கொடுத்ததே, அதிலும் குழாய்தானே இருந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு 1950-களிலேயே குழாய் வைத்த அடுப்பை ஏழை வீடுகளுக்காக வடிவமைத்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா குழு அதைவிடத் திறமான அடுப்பைச் செய்தது. 1983-இல் மத்திய அரசு தொடங்கி 2002 வரை நடத்திய திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் போய்ச் சேர்ந்தன. பிறகு என்ன ஆயிற்று? ஒடிசாவில் ரீமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் குழாய் வைத்த அடுப்புகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆண்டில் பெண்களின் நுரையீரலுக்குப் போகும் புகை குறைந்தது. அதற்கப்புறம் அந்தப் பலன் காணாமல் போனது. அடுப்பு விரிந்தது, குழாய் அடைத்தது, யாரும் சுத்தம் செய்யவில்லை. குழாயை மாட்டுவது ஒரு நாள் வேலை. அதைத் தட்டிக் கரி எடுப்பது அடுப்பு இருக்கும் காலம் முழுக்க நீளும் வேலை. குழாய்க்குள் 3 மில்லிமீட்டர் படிவு சேர்ந்தாலே தூரிகை விட்டுத் தேய்த்துவிட வேண்டும். அதற்குக் குழாயில் திறந்து மூடும் வாய் வைத்துக் கட்டியிருக்க வேண்டும்.

"கரி போட்டா புகையே வராதே" என்ற பேச்சுதான் எல்லாவற்றிலும் கொடியது. கண்ணுக்குத் தெரியும் புகை எரிச்சலூட்டி நம்மை வெளியே விரட்டிவிடும். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் பிராணவாயுவை ஏந்தும் ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம், அப்புறம் விழிப்பில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளைப் படித்துவிட்டும், மார்கழி மாதம் ஏலகிரிக்குப் போய் அதையே செய்கிறோம். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. அடுப்புக்குக் கொடுக்கும் பணத்தில் அதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

"எதைப் போட்டாலும் எரியும்" என்பதும் தப்பு. பச்சை வேலிகாத்தானின் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். அது எரிவதற்கு முன்பு வேகிறது, வேகும்போதுதான் அந்தக் கரிப்பிசின் உண்டாகிறது. பிளந்து, மழை படாமல், ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வரும் வரை காயவைத்த விறகுதான் வீட்டுக்குள் வர வேண்டும். நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் எச்சரிக்கையும் உண்டு. தோல் துண்டும் ஷூ கம்பெனிக் கழிவும் சும்மா கிடைக்கிறது என்று அடுப்பில் போடாதீர்கள். குரோமியம் ஏற்றிப் பதனிட்ட தோல் காற்றோடு எரியும்போது அதிலுள்ள குரோமியத்தில் ஒரு பகுதி புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிற வடிவத்துக்கு மாறும். புகையிலும் சாம்பலிலும் தங்கும். பாலாற்றுத் தண்ணீர் இந்தப் பக்கத்துத் தோல் தொழிலால் கெட்டதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஆற்றுக்காக அவ்வளவு தூரம் போராடிய ஊர், அதே விஷத்தைச் சாம்பல் பூசிய பாத்திரத்தோடு சமையலறைக்குள் விடலாமா?

கடைசியாக, செலவு. நன்றாக எரியும் கேஸ் அடுப்பு வாயுவின் வெப்பத்தில் 60 சதவீதத்துக்கு மேல் பாத்திரத்துக்குக் கொடுக்கும். சாதாரண மூன்று கல் அடுப்பு 10 முதல் 15 சதவீதம்தான் கொடுக்கும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றின் வேலையைச் செய்ய அந்த அடுப்புக்கு ஏறத்தாழ 200 கிலோ விறகு வேண்டும். நல்ல அடுப்புக்கு அதில் பாதி. விறகுத் தொட்டியில் கிலோ விலையைக் கேட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். சொந்தத் தோட்டத்து மட்டையும் கொட்டாங்குச்சியும் இருப்பவர்களுக்கு மட்டுமே விறகு மலிவு.

ஆகவே வீடு கட்டுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். மூன்று பக்கம் திறந்த ஷீட் கொட்டகையில், வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, அடுப்பை வெளியே வையுங்கள். இடமில்லை, உள்ளேதான் வேண்டும் என்றால், நேரான எஃகுக் குழாய், டேங்கைத் தாண்டிய உயரம், தரையோரக் காற்றுத் திறப்பு, சிலிண்டர் இல்லாத அறை, காய்ந்த விறகு, கரி எடுக்க ஆள் என்று எல்லாம் இருக்கட்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மேஸ்திரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.