மலிவு விலையில் ஒரு விலையுயர்ந்த கார்

லண்டனில் தொழில் பார்க்கும் இளைஞர் ஒருவரிடமிருந்து சென்ற மாதம் நமக்கொரு கடிதம் வந்தது. நம் நெடுநாளைய நண்பரின் மகன் அவர். கடிதத்துடன் இரண்டு விளம்பரங்களையும் இணைத்திருந்தார். ஒன்று, 1980களில் செய்யப்பெற்ற பன்னிரண்டு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார். மற்றது, 1970களில் வெளிவந்த எம்.ஜி.பி என்னும் சிறிய திறந்த கார். வியப்பு என்னவென்றால், இரண்டினுள் பெரியதே விலை குறைவு.

"புதிதாக இருந்தபோது பெரிய செல்வர்கள் மட்டுமே வாங்கிய வண்டி, மாமா. இன்று பழைய ஜப்பானியக் காரின் விலைக்குக் கிடைக்கிறது. இதைத் தவறவிட்டால் இனி வாய்க்குமா?" என்று கேட்டிருந்தார். வீடு வாங்குவதற்கு முற்பணமாகச் சேர்த்து வைத்த பணத்திலிருந்தே அதை வாங்க எண்ணுகிறார் என்பதை அவர் எழுதவில்லை. அவருடைய தந்தையார்தாம் கவலையோடு நமக்குத் தெரிவித்தார். இவ்வாறான ஆசையும் கவலையும் வேறு குடும்பங்களிலும் இருக்கக் கூடுமாதலால், நாம் எழுதிய விடையை வாசகர்களுடனும் பகிர்ந்துகொள்கின்றோம்.

ஆசையை நாம் குறை சொல்ல மாட்டோம். 1961ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜெனீவாவில் ஜாகுவார் ஈ-டைப் காரை முதன்முதல் கண்டவர்கள் அதன் வடிவழகில் மயங்கினார்கள். இன்றும் அதன் படத்தைக் கண்டால் கண்ணை எடுக்க மனம் வருவதில்லை. மேலும், பழைய கார் ஒருநாள் பொன்னாகும் என்ற நம்பிக்கைக்கும் சான்று உண்டு. 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பெற்ற பெராரி 250 ஜி.டி.ஓ கார்கள், 1960களின் பிற்பகுதியில் வெறும் பழைய பந்தயக் கார்களாக மலிவாகவே கைமாறின. அவற்றுள் ஒன்று 2018இல் அமெரிக்காவிலே 4 கோடி 84 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று.

ஆயினும் அந்தக் கதையை நம்பி முதலிடுவோர் மற்றொரு கதையையும் அறிந்திருக்க வேண்டும். 1980களின் இறுதியில் இவ்வகைக் கார்களின் விலை மளமளவென்று ஏறியது. கடன் பட்டும் பலர் வாங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது, காரைக் கொடுத்தும் கடனைத் தீர்க்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு. 36 மட்டுமே உள்ள காருக்கு நேர்ந்த அதிர்ஷ்டம், பல்லாயிரக்கணக்கில் செய்யப்பெற்ற காருக்கும் நேரும் என்று எண்ணலாகாது.

அப்படியானால் அந்தப் பெரிய கார் ஏன் இவ்வளவு மலிவு? விடை எளிது. காரின் விலை ஆண்டுதோறும் இறங்குகிறது; அதன் உதிரிப்பாகங்களின் விலையும் தொழிலாளியின் கூலியும் இறங்குவதில்லை. பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்கினாலும், பராமரிக்கும்போது அது முழுவிலைக் காராகவே நடந்துகொள்ளும். யானையை எவரேனும் இலவசமாகக் கொடுத்தாலும் தீனியை நாமல்லவா போட வேண்டும்?

ஓர் உதாரணம் பார்ப்போம். பல கார்களின் இயந்திரங்களில், வால்வுகள் உரிய வேளையில் திறந்து மூடுவதற்கு றப்பர்ப் பட்டியொன்று உண்டு. குறித்த காலத்தில் அதை மாற்றியே ஆக வேண்டும். 1982 முதல் 1991 வரை வெளிவந்த போர்ஷே 944 காரில் இப்பட்டி அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளை மோதி வளைத்துவிடும். 1984இல் வந்த பெராரி டெஸ்டரோசாவிலும், 1994இல் வந்த எப்.355இலும் இந்தப் பட்டியை மாற்றுவதற்கு இயந்திரம் முழுவதையுமே வண்டியிலிருந்து இறக்க வேண்டும். ஒரு துண்டு றப்பருக்காகப் பல நாள் கூலி! அந்த வேலைக்குரிய காலம் நெருங்கும்போதே சிலர் காரை விற்க முனைகிறார்கள். மலிவு விலையின் மறைபொருள் சில வேளைகளில் இதுதான்.

இனி, விலை கூடிய அந்தச் சிறிய எம்.ஜி.பியைப் பார்ப்போம். 1962 முதல் 1980 வரை 5 இலட்சத்துக்கு மேற்பட்ட எம்.ஜி.பி கார்கள் இங்கிலாந்திலுள்ள அபிங்டனில் செய்யப்பெற்றன. அதன் இயந்திரம் தனிப்பட்ட அற்புதம் எதுவுமன்று. யாழ்ப்பாணத்தில் இந்த இளைஞரின் பாட்டனார் வைத்திருந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரின் இயந்திரமும் அதுவும் ஒரே குலத்தவை. 1990களில் வடக்கே பெற்றோல் வராதிருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஊர்க் கம்மியர்கள் பிரித்துப் பூட்டக்கூடிய எளிமையே அவற்றைக் காத்தது. எம்.ஜி.பி அந்த எளிமையை உள்ளே வைத்து அழகை வெளியே அணிந்த கார். அதன் உதிரிப்பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. 1988 முதல் அதன் உடற்கூட்டையே பழைய அச்சுகளைக் கொண்டு புதிதாகச் செய்து விற்றிருக்கிறார்கள்.

குறை சொல்லப்பட்ட கார் எல்லாம் தள்ளத் தக்கது என்பதும் சரியன்று. 1970 முதல் 1977 வரை வந்த டிரையம்ப் ஸ்டாக் காரின் எட்டுச் சிலிண்டர் இயந்திரம் சூடேறிக் கெடுவதில் பேர்போனது. ஆனால் அதன் உரிமையாளர்கள் சங்கம் அமைத்து, பல ஆண்டுகள் முயன்று, நோயையும் மருந்தையும் கண்டுகொண்டார்கள். எனவே ஒரு காரை வாங்குமுன் அதன் குறை யாது என்பதோடு, அக்குறையைத் தீர்க்க அறிந்தவர் அருகில் இருக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும்.

எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் சிலவற்றைக் கடைப்பிடிப்பது நன்று. பகலிலே, மழையில்லாத நாளிலே போக வேண்டும். ஈரம் வர்ணத்தின் குறைகளை மறைக்கும். இயந்திரத்தை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாமென்று விற்பவரிடம் சொல்ல வேண்டும். குளிர்ந்த இயந்திரமே உண்மை பேசும். எண்ணெய் மூடியின் உட்புறம் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உட்புகுந்ததோ என்று ஐயுற வேண்டும். சிறு காந்தமொன்றைத் துணியில் சுற்றிக் கதவுகளுக்குக் கீழுள்ள இரும்புப் பகுதியில் வைத்துப் பார்க்க வேண்டும். அது ஒட்டாத இடத்தில் துருவைப் பசையால் அடைத்திருப்பார்கள். இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதிலும் துருவேறிய உடலைச் சீராக்குவது சில வேளைகளில் செலவு மிக்கது.

பிரிட்டனில் எம்.ஓ.ரி என்னும் ஆண்டுப் பரிசோதனையின் 2005 முதலான முடிவுகளை, காரின் இலக்கத்தைக் கொண்டு அரசாங்கப் பதிவில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் பெரும் மாற்றம் செய்யப்படாத 40 ஆண்டு கடந்த கார்களுக்கு, 2018 மே மாதம் முதல் அப்பரிசோதனை கட்டாயமன்று. ஆகவே அத்தகைய காரை அறிந்தவர் ஒருவரைக் கொண்டு அடிப்பாகம் உட்படப் பார்ப்பித்தல் வேண்டும். வாங்கும் விலையில் பாதியையேனும் முதலாண்டுச் செலவுக்கென்று தனியே வைக்க இயலாவிட்டால், அந்தக் கார் நமக்கு மலிவன்று.

இவற்றையெல்லாம் எழுதி, "தம்பி, வாங்கவே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை, வீட்டுப் பணத்தை மட்டும் தொட வேண்டாம்" என்று முடித்திருந்தோம்.

சென்ற வாரம் பதில் வந்தது. பெரிய காரை அவர் போய்ப் பார்த்திருக்கிறார். அழகாகத்தான் இருந்ததாம். ஆனால் கடந்த காலத்தில் செய்த வேலைகளுக்குப் பற்றுச்சீட்டு ஒன்றேனும் இல்லை. உடன் சென்ற கம்மியர், உடனே செய்ய வேண்டியவற்றைக் கணக்கிட்டபோது தொகை காரின் விலையைத் தாண்டிற்றாம். எம்.ஜி.பியையும் அவர் வாங்கவில்லை. காந்தம் ஒட்டாத இடங்கள் அதில் மூன்று இருந்தனவாம். இன்னும் ஓராண்டு வேறாகப் பணம் சேர்த்து, நல்லதொன்றைத் தேடப் போவதாக எழுதியிருக்கிறார்.

செய்தியை நண்பருக்குச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்பாவின் கேம்பிரிட்ஜுக்குப் பாவித்த அங்குல அளவு ஸ்பானர்கள் இன்னும் வீட்டில் கிடக்கின்றன. எம்.ஜி.பிக்கும் அவை பொருந்துமா?" என்று கேட்டார்.

பொருந்தும் என்றோம். துருப் போக எண்ணெயிட்டு வைக்கும்படியும் சொன்னோம்.