உப்பைப் போடுவது யார் வேலை?

விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா அமைக்க 2023 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, சாத்தூர் பக்கமெல்லாம் மானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பு, மல்லி, மிளகாய். பெய்யாவிட்டால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். இங்கே படித்து முடித்த பிள்ளைக்கு வேலை வேண்டுமென்றால், இன்றைக்கு முதலில் வேண்டியது ஒரு ஈமெயில். அதற்கு ஒரு பாஸ்வேர்டு.

அரசுத் தேர்வுக்கு, ஸ்காலர்ஷிப்புக்கு, கம்பெனி இன்டர்வியூவுக்கு, கோச்சிங் வகுப்புக்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம், ஒரு லாகின். பத்து இடத்துக்குப் பத்து பாஸ்வேர்டு யார் நினைவில் வைப்பது? பெயரும் பிறந்த வருஷமும் சேர்ந்த ஒரே பாஸ்வேர்டு எல்லா இடத்துக்கும் போய்விடுகிறது. பத்தில் ஏதோ ஒரு சின்னத் தளத்தைத் திருடன் உடைத்தால் போதும். அதே சாவி அந்தப் பெண்ணின் ஈமெயிலையும் திறக்கும். இன்டர்வியூ கடிதம் அவள் கண்ணில் படாமலே அழிந்துபோகலாம்.

அவளுடைய எதிர்காலத்தில் ஒரு பங்கு, அந்தச் சின்னத் தளத்தை அவசரமாக எழுதிக் கொடுத்த புரோகிராமர் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். அவர் பாஸ்வேர்டை எப்படிச் சேமித்தார்?

மூன்று வழி உண்டு. முதல் வழி, அப்படியே எழுதி வைப்பது. 2009-ல் ‘ராக்யூ’ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கு மேற்பட்ட பாஸ்வேர்டுகள் இப்படித்தான் பச்சையாக வெளியே போயின. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456.

இரண்டாவது வழி, அரைத்து வைப்பது. கிரைண்டரில் போட்ட அரிசியை மாவாக்கலாம், மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. அதுபோல பாஸ்வேர்டை ஒரு கணக்கால் அரைத்து மாவை மட்டும் சேமிப்பார்கள். நீங்கள் அடுத்த முறை பாஸ்வேர்டு தரும்போது அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்ப்பார்கள். இதன் பெயர் ‘ஹாஷ்’. ஆனால் ஒரே பாஸ்வேர்டு வைத்த ஆயிரம் பேருக்கும் ஒரே மாவு. திருடன் பிரபலமான பாஸ்வேர்டுகளை முன்கூட்டியே அரைத்துப் பட்டியல் போட்டு, ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடுவான். 2012-ல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து வெளியானவை இப்படிப்பட்ட மாவுகள்தான். அப்போது 65 லட்சம் என்றார்கள். 2016-ல் பார்த்தால் 11 கோடியைத் தாண்டியிருந்தது.

மூன்றாவது வழி, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு உப்பு சேர்த்து அரைப்பது. ‘சால்ட்’ என்றே இதற்குப் பெயர். 1979-லேயே ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்ஸன் இருவரும் யுனிக்ஸ் பற்றிய கட்டுரையில் இதை விளக்கிவிட்டார்கள். ஒரே பாஸ்வேர்டாக இருந்தாலும் உப்பு மாறினால் மாவு மாறிவிடும். கூடவே, வேண்டுமென்றே மெதுவாக அரைக்க வேண்டும். நமக்கு அரை நொடி தாமதம் தெரியாது. கோடிக்கணக்கில் முயன்று பார்க்கும் திருடனுக்கு அது வருஷக் கணக்கு. 1999-ல் வந்த ‘பிகிரிப்ட்’ முறை இப்படிப்பட்டது.

வழி தெரிந்திருந்தும் ஏன் யாரும் செய்யவில்லை? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

சின்னத் தளங்கள் பலவற்றை எழுதப் பயன்படும் மொழி ‘பிஎச்பி’. 2013-க்கு முன் அதில் சரியான வழியில் போக வேண்டுமானால், புரோகிராமர் தானே நல்ல உப்பு தயாரிக்க வேண்டும். எந்த முறை என்பதை டாலர் குறிகளும் எண்களும் கலந்த ஒரு வரியாகத் தர வேண்டும். எத்தனை சுற்று அரைப்பது என்றும் முடிவு செய்ய வேண்டும். தப்பான வழியோ ஒரே வரி. உப்பில்லாத ‘எம்டி5’. அவசரத்தில் இருப்பவர் எதை எடுப்பார்?

புரோகிராமர்களைத் திட்டுவதைவிட, கருவியை மாற்றுவது நல்லது என்று ஆன்டனி ஃபெராரா என்பவர் 2012-ல் ஒரு முன்மொழிவு வைத்தார். 2013 ஜூனில் வந்த பிஎச்பி 5.5-ல் அது சேர்ந்தது. பழைய பதிப்பில் இருப்பவர்களுக்குத் தனி லைப்ரரியாகவும் எழுதிக் கொடுத்தார். முக்கியமானவை இரண்டே ஃபங்ஷன்கள். ஒன்று அரைக்கும், மற்றொன்று சரிபார்க்கும். உப்பை ஃபங்ஷனே தயாரித்துக்கொள்ளும். எந்த முறை, எந்த உப்பு, எத்தனை சுற்று எல்லாம் மாவோடு ஒரே வரியில் ஒட்டியே இருக்கும். தனியாக எதையும் நினைவில் வைக்க வேண்டாம். சரியான வழியும் இப்போது ஒரே வரிதான்!

மூன்றாவதாக ஒரு ஃபங்ஷன், “இந்த மாவு பழசு, புதிதாக அரை” என்று சொல்லும். அந்த நபர் அடுத்த முறை லாகின் செய்யும்போது சத்தமில்லாமல் புது மாவு ஏறிவிடும். 2024-ல் வந்த பிஎச்பி 8.4, அரைக்கும் அளவை 10-லிருந்து 12 ஆக்கியது. ஒவ்வொரு படிக்கும் வேலை இரட்டிப்பு, ஆக நான்கு மடங்கு.

அதிலும் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. விரும்பினால் சொந்த உப்பு தரலாம் என்று ஒரு வசதி. சொந்தமாகப் போடும் உப்பு, ஃபங்ஷன் போடும் உப்பைவிட மோசமாகவே அமையும். 2015-ல் அதை வேண்டாம் என்று அறிவித்து, 2020-ல் வந்த 8.0-ல் அடைத்தே விட்டார்கள். தப்பு செய்ய மட்டுமே பயன்படும் வசதி எதற்கு?

இன்னொரு ஓட்டை தமிழருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். பிகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டுமே பார்க்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழிலோ மெய்க்கு மூன்று, அதோடு சேரும் கொம்புக்கோ புள்ளிக்கோ இன்னும் மூன்று. ‘குமாரலிங்கபுரம்’ நம் கணக்கில் ஒன்பது எழுத்து, கம்ப்யூட்டர் கணக்கில் 45 பைட். அதையே இரண்டு முறை எழுதி பாஸ்வேர்டாக வைத்தால் 90. கடைசி ‘கபுரம்’ யார் கண்ணிலும் படாது. அதை விட்டுவிட்டு அடித்தாலும் கதவு திறக்கும்!

இது வெறும் வேடிக்கையல்ல. 2024-ல் ‘ஆக்டா’ என்ற பெரிய லாகின் நிறுவனமே, பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் சேர்த்து இப்படி அரைத்ததால், பெயர் 52 எழுத்தும் அதற்கு மேலும் இருந்தவர்களைச் சில சூழ்நிலைகளில் பாஸ்வேர்டே பார்க்காமல் உள்ளே விடும் நிலை இருந்ததை அறிவித்தது. 2025-ல் பிகிரிப்டுக்கு மாறிய வேர்ட்பிரஸ், நீளமான பாஸ்வேர்டை முதலில் வேறொரு முறையில் சுருக்கிவிட்டே அதற்குள் போடுகிறது.

‘பொ’ எழுத்தைக் கம்ப்யூட்டர் இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக அல்லது தனித்தனி இரு குறிகளாக. கண்ணுக்கு ஒன்றுதான். முன்கூட்டியே ஒரே விதமாக்காத லைப்ரரிக்கு இரண்டும் வேறு. போன் மாற்றியவர் சரியான பாஸ்வேர்டு அடித்தும் வாசலில் நிற்பார். தமிழை மனதில் வைத்து லைப்ரரி எழுத நம் பிள்ளைகள்தான் வர வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்றதும் உங்கள் பழைய பாஸ்வேர்டையே மெயிலில் அனுப்பும் தளம், அதை அரைக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பாஸ்வேர்டை வேறு எங்கு வைத்திருந்தாலும் இன்றே மாற்றுங்கள். ஈமெயிலுக்கும் வங்கிக்கும் தனித்தனியாக வையுங்கள். நோட்டில் எழுதி பீரோவில் வைத்தாலும் தவறில்லை.

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைக்கு ஒன்று. சொந்தமாக அரைக்காதே, சோதித்துத் தேறிய ஃபங்ஷனைக் கூப்பிடு. நாளை நீயே ஒரு லைப்ரரி எழுதினால், அதை அவசரத்தில், அரைத் தூக்கத்தில் ஒருவர் பயன்படுத்துவார் என்று நினைத்து எழுது. உப்பைப் போடும் வேலையை அவரிடம் விட்டுவிடாதே.