குடலைக் கழுவினால் குழந்தை பிறக்குமா?

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

குடலில் தேங்கிய கழிவு கர்ப்பப்பையை அடைக்கிறதாம். 48 நாள் ஒரு பொடியைச் சாப்பிட்டுக் குடலைச் சுத்தம் செய்தால் கரு தங்குமாம். வாட்ஸ்அப்பில் இது எனக்கு மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. கீழே விலையும் செல் நம்பரும். அனுப்பியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பீர்கள். ஆனால் அந்தக் குரூப்பில் குழந்தைக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கும் பெண்களும் இருக்கிறார்கள். "உன் வயிறு அழுக்கு, அதனால்தான்" என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னது மாதிரி ஆகிவிட்டது.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்தியவள். அந்த அளவு அறிவியல் போதும் இதற்கு. குடல் ஒரு குழாய். கர்ப்பப்பை வேறு உறுப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி கிடையாது. குடலின் உட்சுவரும் சில நாளுக்கொரு முறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. பேதியாக்கும் பொடி உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்பையும்தான் வெளியேற்றும்.

"அப்படியானால் வயிற்றுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் சம்பந்தமே இல்லையா டீச்சர்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. என் கோபமே அதனால்தான். உண்மையான சம்பந்தம் எங்கே இருக்கிறதோ அங்கே யாரும் பார்ப்பதில்லை.

மாதவிலக்கு நாட்களில் சில பெண்களுக்கு வயிறு உப்பிக்கொள்ளும், மலம் கழிக்கும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கும். வீட்டில் அதற்குப் பெயர் கேஸ். பெருங்காயம், ஓமத்தண்ணீர், பிறகு ஒரு வலி மாத்திரை. கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே, சிலருக்குக் குடல் மேலேயே, வளர்ந்திருந்தால் இப்படித்தான் வலிக்கும். எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தை தள்ளிப்போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். "பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்" என்று அம்மாவும் அத்தையும் சொல்லிச் சொல்லியே கண்டுபிடிக்க வருஷங்கள் ஆகின்றன. மாதம் தவறாமல் இரண்டு நாள் லீவு போடும் மாணவிகளை வருகைப் பதிவேட்டில் பார்த்தவள் நான். அம்மாக்களே, உங்கள் மகள் அப்படி லீவு போட்டால் மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கல்யாணம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. நாம் படம் வரைந்து பாகம் குறித்தோமே குடலுறிஞ்சிகள், அவை தட்டையாகிவிடும். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் உடம்பில் சேராது. கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் கரு தங்குவதும் சிரமமாகலாம். வட இந்தியாவோடு பார்த்தால் நம் பக்கம் இது குறைவு. ஆனாலும் எத்தனை இரும்பு மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டுப்பாருங்கள். யூடியூபைப் பார்த்துக் கோதுமையை நிறுத்திவிட்டு டெஸ்டுக்குப் போகாதீர்கள். நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும்.

காசநோய் நுரையீரலோடு நிற்காது. குடலுக்கும் வரும், கருக்குழாய்க்கும் வரும், சத்தமில்லாமல் குழாயை அடைத்துவிடும். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்.

குடல் நுண்ணுயிரிகள் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, நடக்கட்டும். அதைக் காட்டி இப்போதே கருத்தரிக்கும் காப்ஸ்யூல் விற்பவரும் பொடிக்காரருக்கு அண்ணன்தான்.

இத்தனையிலும் ஆண் எங்கே? குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் குறையும், தனியாகவோ சேர்ந்தோ, இருக்கிறது. பொடி மட்டும் மருமகளுக்கு! குடல் புண்ணோடு ரத்தப்போக்கு வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோய்க்கு சல்பாசலசீன் என்று ஒரு மாத்திரை தருவார்கள். அதைச் சாப்பிடும் ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையும். குடல் வைத்தியம் புருஷனுக்கு, பழி பெண்டாட்டிக்கு! அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு முயற்சி செய்கிறோம் என்று டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார். இரண்டு மூன்று மாதத்தில் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பும்.

ஒரு வருஷம் முயன்றும் தங்கவில்லை என்றால், மனைவிக்கு 35 வயது ஆகியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். தம்பிகளா, உங்கள் பரிசோதனைக்கு ஊசிகூடக் கிடையாது. முதலில் நீங்கள் கொடுத்துவிட்டு வாருங்கள்.